கிட்டத்து ஊர்

மூடியைக் கழற்றியதும் கொட்டியது
உப்பேறிக் கட்டிபட்ட தூசி.
செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு,
விசிறிக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை.
"இந்தக் காத்துல சைக்கிளே மூணு வருசம்.
இது பதினாலு வருசம் ஓடிருச்சு" என்றார் தார்சியுஸ்,
மூத்த மகளைப் பற்றிச் சொல்வதுபோல.

மண்டபம் வடக்குக் கரை, விசைப்படகுச் சங்கத்து அறை.
ஞாயிறு, பூசை முடிந்த நேரம்.
நாளை ராமநாதபுரத்தில் மனு நாள்.
நேற்றிரவு நீலத் திரையோடு நின்றுவிட்டது.
பிரிசில்லாள் வாசற்படியில்.
படகு மயிலிட்டியில், புருசன் யாழ்ப்பாணத்துச் சிறையில்,
இன்றோடு பதினோரு நாள்.

புதிதை ஏற்றுமுன்
பழையதை வெளியே எடுக்க வேண்டும்.
பென் டிரைவுக்கு ஒவ்வொன்றாய் இழுத்தேன்:
மனு. மனு புதுசு. மனு கடைசி.
மனு கடைசி இரண்டு. மனு இதுதான் கடைசி.
திறந்தால் எல்லாம் ஒரே மனு,
பெயரும் படகு எண்ணும்தான் வேறு.
"ஒண்ணு போதுமே" என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
அத்தனையும் எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கிழ நினைவகத்துக்கு விண்டோஸ் இனிமேல் செரிக்காது,
கஞ்சி மாதிரி ஒரு லினக்ஸ் கொண்டுவந்திருந்தேன்.
முழு வட்டையும் அழிக்கவா என்றது. ஆம்.
மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது,
அப்புறம் உலகப் படம் ஒன்றை விரித்து
எங்கே இருக்கிறாய் என்றது.

சுட்டியை நகர்த்தி நம் கரையைத் தொட்டேன்,
நகத்தளவு இந்தியாவில்
கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நுனியை.
கொழும்பு, என்றது.
கொஞ்சம் மேலே. கொழும்பு.
மூச்சைப் பிடித்து
ஒரே ஒரு புள்ளி இடது பக்கம். கொழும்பு.

தார்சியுஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
பிரிசில்லாள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.
"இப்படித்தான் புடிச்சிருப்பானுவ" என்றாள்.
சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க
எனக்குத் துணிவில்லை.

இதன் பட்டியலில் இந்தியாவுக்கு ஒரே ஊர் கொல்கத்தா,
தொட்ட இடத்துக்குக் கிட்டத்து ஊரைச் சொல்கிறது,
ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான் அக்கா,
எதை வைத்தாலும் கடிகாரம் மாறாது என்றேன்.
"மாறாட்டிப் போகுது. நம்ம பக்கம் வை."

ஆந்திரா தாண்டி ஒடிசா தாண்டி
வங்காளம் மட்டும் ஓட்டிப்போய் நிறுத்தினேன்.
அவ்வளவு தூரம் போன பிறகுதான்
இந்தியா என்று ஒத்துக்கொண்டது.

நாலரைக்கு எழுந்து நின்றது.
மனுவைத் திறந்தால்
பாமினி எழுத்துரு இல்லாமல்
அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள், வலையில் சிக்கிய பாசிபோல.
அதையும் பென் டிரைவில் தேடி ஏற்றினேன்.
மேற்படி, கருணைகூர்ந்து, தங்கள் உண்மையுள்ள
எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

அச்சான தாளில் தேதி மட்டும்
பத்து வருசம் பின்னால்.
பலகையில் இருந்த பொத்தான் பேட்டரி செத்துக் கிடந்தது,
ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்.
பிரிசில்லாள் பேனா கேட்டாள்.
தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்.
பிறகு படகு எண்ணின் மேல் விரல் வைத்து
ஒவ்வொரு இலக்கமாய்
இரண்டு தடவை வாசித்தாள்.