நாற்பத்திரண்டு ஜி.பி. மூச்சு

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் ஓரம்,
டயர் கடைக்கு மேல் மாடி,
முட்டை அட்டை ஒட்டிய என் ஒற்றை அறை.
கிறிஸ்துமஸ் இங்கே செப்டம்பரிலேயே பிறந்துவிடும்.

கணினிக்குள் ஒருவன் சாக்ஸபோன் ஊதுகிறான்.
"கடைசி பஸ்ஸு போயிரும் அக்கா" என்று
பாதியில் எழுந்திருக்க மாட்டான்.
விரல் வைத்த இடத்தில் அழுவான்,
வீலைத் தள்ளினால் இன்னும் கொஞ்சம்.
விலை பதினோராயிரம், ஒரே தடவை.
(அதற்கு முன்பிருந்தது திருட்டுப் பிரதி.
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று.)
நான்கு வருடத்தில்
பாலன் பிறப்புக்கு ஊதினான், அடக்கப் பாட்டுக்கு ஊதினான்,
தக்கலை நகைக்கடைக்கு,
ஒரே தேர்தலில் இரண்டு கட்சிக்கும்.

இருந்தும் போன சித்திரையில் நிஜத்தில் ஒன்று வாங்கினேன்.
குறும்பனை ததேயுஸ், பேண்டு செட்டுக்காரன்,
கத்தாருக்குப் படகு வேலைக்குப் போகிறான்.
"விசாவுக்கு முப்பத்தெட்டு குறையுது."
பேரம் பேச வாய் வரவில்லை.
மூன்று ரீடு, கழுத்துப் பட்டை, துடைக்கும் துணி இனாம்.
படியிறங்கும்போது பெட்டியைப் பார்க்காமல்
என்னைப் பார்த்துச் சொன்னான்:
"ஜி ஷார்ப்பு ஒட்டும், கேட்டியளா.
சிகரெட்டு பேப்பரு வச்சு ஒத்தி எடுங்க."

முதல் வாரம் வந்தது சுரமே இல்லை.
கீழேயிருந்து றெஜிமோன் ஏறி வந்தான்,
கையில் ஸ்பானர்:
"யக்கா, கம்ப்ரசரு கத்துது கீழயா மேலயா?"
கீழுதட்டின் உள்ளே பல் தடம்.
மரச்சீனியும் மத்திக் குழம்பும் தின்ற மதியம்
உதடு எல்லாவற்றையும் எண்ணிச் சொன்னது.

இரண்டு மாதம் கழித்து, கருங்கல்லிலிருந்து ஆல்பம் போட வந்தவருக்கு
ஒரே எட்டு அடியை இரண்டு விதமாக,
எது எதென்று சொல்லாமல் போட்டேன்.
கணினிக்காரனைக் கேட்டுக் கண்மூடினார்:
"இதாக்கும் மனுசன் ஊதினது. உயிரு உண்டும்."
என்னைக் கேட்டார்:
"இது கீபோர்டுதானே? வேண்டாம்."
அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு
டீ சொன்னேன்.

அன்று இரவு ஹெட்போனில்
அந்த 'ஏ' சுரத்தை மெல்லத் தொட்டேன்.
சுரத்துக்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு.
இத்தனை நாள் இரைச்சலென்று வெட்டிப் போட்டது.
புண் உதட்டோடு கேட்டால்
அது மூக்கு.
ஆளுக்கு ஜலதோஷம்.
எந்தக் குளிரூரிலோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டிருப்பார்கள்:
இன்னும் மெல்ல, இப்போது வலுவாக, நடுக்கம் இல்லாமல்,
இன்னொரு தடவை, அதே சுரம்.
இரண்டு நாள் கூலி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.
நாற்பத்திரண்டு ஜி.பி.யில் அவன் பெயருக்கு இடமில்லை.

இடவப்பாதி மழையில் கரண்டு போனது.
இருட்டில் நிஜத்தை எடுத்து ஊதினேன்
என்று எதிர்பார்ப்பீர்கள்.
மணி பதினொன்று. எதிர்வீட்டில் கைக்குழந்தை.
யு.பி.எஸ். கத்தியது. சேவ் செய்தேன்.

காலையில் அந்த வெட்டை எடுத்துவிட்டேன்.
இனி கருங்கல்காரரின் பாலன்
யாரோ ஒருவனின் மூக்கடைப்போடு பிறப்பான்.
பிறகு, கடைகள் திறந்து சத்தம் கூடியதும்,
அரைமணி நேரம் ஊதிவிட்டுக் கவிழ்த்தேன்.
சிமெண்டுத் தரையில் சொட்டியது
பழைய அஞ்சு பைசா அகலத்துக்கு
என் மூச்சு.

போனில் ததேயுஸின் குரல் வந்து கிடந்தது.
பேச்சு கொஞ்சம், படகு எஞ்சின் அதிகம்.
எஞ்சினைக் கீபோர்டில் தேடினேன்:
பி ஃபிளாட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.
கடைசியில் கேட்டிருந்தான்,
"ஜி ஷார்ப்பு இப்பவும் ஒட்டுதா?"

ஒட்டுது என்று பதில் போட்டேன்.