பதினொரு நிமிடம்

கெய்யோன் துறையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம்.
பதினான்கு கூண்டுகள், ஒரு மிதவை வீடு, நான்.
மார்ச் மாதக் கடல் காற்றில்லாமல் கிடந்தது,
துடைத்து வைத்த தட்டைப் போல.
அப்படிக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

ஐந்துக்குக் கீழே ஆக்சிஜன் போனால் மணி அடிக்கும்.
எலியேசர் சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான்:
"மணி அடிக்கும் வரை டீசலைத் தொடாதே, நோல்ஃபா."

உணரி பொய் சொல்வதில்லை.
கேட்டதை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்லும்.
பெட்டியோடு வந்த தாளில் அரை நிமிடம் என்று போட்டிருக்கிறது.
அது கடலைக் காணாத உணரிக்கு.
ஏழாம் கூண்டில் இருப்பது
மூன்று வாரம் எட்டு மீட்டர் ஆழத்தில் தொங்கியது.
பச்சை வழும்பைப் போர்த்திக்கொண்டிருக்கிறது.
கடுகளவு சிப்பிகள் இரண்டு அதில் குடியேறிவிட்டன.

போன செவ்வாய் அதை மேலே இழுத்தேன். துடைக்கவில்லை.
இரண்டு வாளி. ஒன்றில் காற்றுக் குமிழி விட்ட தண்ணீர்,
மற்றதில் நைட்ரஜன் விட்டு மூச்சைப் பிடுங்கிய தண்ணீர்.
இதிலிருந்து அதற்குச் சட்டென்று மாற்றி
கடிகாரத்தை அழுத்தினேன்.

தண்ணீர் மாறிவிட்டது. எண் மாறவில்லை.
முதலில் விறுவிறுவென்று இறங்கியது.
பிறகு, போக வேண்டிய தூரம் குறையக் குறைய
நடையையும் குறைத்துக்கொண்டது.
நூற்றில் அறுபத்து மூன்று பங்கு இறங்கப்
பதினொரு நிமிடம்; ஊற்றிய மாதே ஆறிப்போனது.
இன்னொரு பதினொன்றில் எண்பத்தாறு.
மேலும் ஒன்றில் தொண்ணூற்றைந்து.
கடைசித் துளியை அது என்றைக்கும் எட்டாது,
எட்டிவிட்டதாக நாம்தான் ஒத்துக்கொள்கிறோம்.

கணக்கு, கையுறைப் பெட்டியின் அட்டையில் அடங்கும்:
காட்டும் எண்ணை எடு.
அது மாறும் வேகத்தைப் பதினொன்றால் பெருக்கு.
ஏறினால் கூட்டு, சரிந்தால் கழி.
அவசரப்படாதே.
அலையின் வெறும் நடுக்கத்தையும் அதே பதினொன்றுதான் பெருக்கும்.
ஐந்தாறு நிமிடமாவது பார்த்துவிட்டு நம்பு.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு ஏழு புள்ளி மூன்று.
மூன்று பத்துக்கு ஆறு புள்ளி நான்கு.
அட்டையைத் தேடி எடுத்துப் போட்டேன்,
இரண்டு தரம் போட்டேன்.
நான்கு புள்ளி ஏழு ஐந்து.

திரையில் பச்சை விளக்கு.
வெளியே டார்ச் அடித்தேன்.
சால்மன்கள் வட்டம் சுற்றவில்லை.
மேலே வந்து, வாய் திறந்து,
ஒன்றன் முதுகில் ஒன்று உரசிக்கொண்டு நின்றன,
சத்தமே இல்லாமல்.

கம்ப்ரஸரின் கயிற்றை மூன்றாம் இழுப்பில்தான் பிடித்தது.

எண் அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது.
குழாயெல்லாம் குமிழி கொட்ட, அது பழைய துக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தது.
ஐந்து புள்ளி ஆறில் நின்றது, திரும்பியது.
இறங்கி வந்த எண்ணும் ஏறி வந்த கடலும்
அந்த ஒரு கணத்தில்தான் ஒத்துப்போயின.

என் கைகள் நடுங்கத் தொடங்கியது காலை ஆறு மணிக்கு.

எட்டு மணிக்கு எலியேசர் வந்தார்.
வளைவை அச்செடுத்து மேசையில் விரித்தார்.
"ஐந்து புள்ளி ஆறு. மணியே அடிக்கவில்லை.
நாற்பது லிட்டர் எங்கே போனது?"
அவர் விரல் வைத்த இடத்துக்குக் கீழே
ஒரு பள்ளம் இருந்தது.
அது எந்தத் தாளிலும் விழவில்லை.
செத்த மீன் ஒன்றாவது இருந்தால் காட்டியிருப்பேன்.

வாளி இரண்டையும் கொண்டுவந்து வைத்தேன்.
வழும்போடு உணரியைத் தூக்கி மாற்றினேன்.
கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தேன்.
ஒரு நிமிடம் போனது.
எண் சற்றே அசைந்தது. அவர் முகம் அசையவில்லை.

இன்னும் பத்து இருக்கிறது.
அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.