குட்டி லீவர்

மூன்று லட்சம் சீட்டை நாற்பதாயிரம் தள்ளி எடுத்தேன்.
மீதிக்குள் ஒரு ஜீப் வேண்டும்,
நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்.
கேட்டவர்கள் முதலில் என் சேலையைப் பார்த்தார்கள்,
பிறகு என் முதுகுக்குப் பின்னால்:
‘வீட்டுக்காரர் வரலீங்களா?’

வீட்டுக்காரர் ஏற்காட்டில் அண்டா தேய்க்கிறார்.
வாடகைப் பாத்திரக் கடை எங்களுடையது.
போன ஐப்பசியில் ஒரு கல்யாணம்,
தார் முடிந்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே.
எங்கள் வேன் செம்மண்ணில் அச்சுவரை இறங்கிவிட்டது.
மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டி
சாம்பார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்து மேடேறினான்.
போட்டோவில் அவன் தோளில் சேறு இருக்கும்.
வாடகையில் முந்நூறு குறைத்துக்கொண்டேன்.
அவன் கேட்கவில்லை.

ஐந்து ரோட்டில் முதல் வண்டி.
புதுப் பெயிண்ட், புது சீட் கவர்,
நெற்றியில் நான்கு விளக்கு.
‘ஒரே ஓனர், டாக்டர் வண்டிங்க.’
சேலத்தில் விலைக்கு நிற்கும் வண்டியெல்லாம்
ஏதோ ஒரு டாக்டர் ஓட்டியதுதான்.
நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ.

மெக்கானிக் தஸ்தகீர் பேசவில்லை.
கால்மிதியைத் தூக்கித் துருவைச் சுரண்டினார்.
ஆயில் மூடியைத் திறந்து
ஓடுகிற எஞ்சினின் மூச்சை உள்ளங்கையில் வாங்கினார்.
பிறகு அட்டையை விரித்து அடியில் போனார்.
வெகுநேரம் அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.
‘நீங்களே வந்து பாருங்கக்கா.’

படுத்தேன்.
பட்டப்பகலில் ஒருத்தி வண்டிக்கடியில் மல்லாந்து
எதைப் பார்க்கிறாள் என்று
எதிர் டீக்கடையில் பேச்சு நின்றது.
பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இருந்தது.
முன்சக்கரத்துக்குப் போக வேண்டியது இருந்த இடத்தில்
காற்று.
கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள்.
மேலே அந்தக் குட்டி லீவர் மட்டும்
புதுக் குமிழ் மாட்டிக்கொண்டு
தள்ளினால் சமத்தாகப் போய் வந்தது.
பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மாதிரி:
அச்சில் இருக்கும், பந்தியில் இருக்காது.

கொண்டலாம்பட்டியில் ஒரு பெட்ரோல் வண்டி.
விலையைச் சொன்னதும் தஸ்தகீர்
டீ சொல்லிவிட்டார்.

மூன்றாவது, கருப்பூர் தாண்டி.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் உழைத்த வண்டி.
தட்டிய இடமெல்லாம் மாவு உதிர்ந்தது.
ஒரு கதவு நீலம், ஒரு கதவு பச்சை.
மாதப்பன் வண்டியைப் புகழவில்லை.
காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டினார்,
பென்சிலில் அவரே எழுதியது:
ஹேண்ட் பிரேக் பிடிக்காது
மூணாவது கியர் முனகும்
கூரையில் ஓட்டை, டிரைவர் தலைக்கு நேரா
மழைன்னா செல்ஃப் எடுக்காது, தள்ளணும்
‘வேற?’ என்றார் தஸ்தகீர்.
‘வேற இருந்தா நீங்க கண்டுபிடிங்க.’

ஏரிக்கரைச் சேற்றில் வேண்டுமென்றே விட்டு நிறுத்தினேன்.
பின்சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி வெட்டியது.
குட்டி லீவரை இழுத்தேன்.
வரவில்லை.
இன்னொரு முறை, பல்லைக் கடித்து.
அடியில் எங்கோ ஒரு ‘கடக்’.
முன்சக்கரம் இரண்டும்
சேற்றில் கைபோட்டுத் தேடி
கடைசியில் ஏதோ கிடைத்த மாதிரி
ஏறின.
தஸ்தகீர் முகத்தில் அரைப்படி சேறு.
அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

இரண்டு நாற்பத்தெட்டுக்கு முடிந்தது.
பன்னிரண்டாயிரம் மிச்சம்,
பிரேக்குக்கும் இரண்டு டயருக்கும் போதாது.

இருபது கொண்டை ஊசியிலும்
கார்கள் ஹாரன் அடித்துக் கடந்துபோயின.
மூணாவது கியர் சொன்னபடி முனகியது.
பதினான்காவது வளைவில் தூறல்,
சொன்னபடி உச்சந்தலையில்.

கடை வாசல் சரிவில் நிறுத்தினேன்.
சாம்பல் கையோடு வந்து
நீலக் கதவையும் பச்சைக் கதவையும் பார்த்தார்.
‘எப்படி?’
‘ஹேண்ட் பிரேக் பிடிக்காது’ என்று ஆரம்பித்தேன்.
மீதியைக் கேட்காமல் உள்ளே போய்
கல்யாண அடுப்புக்குப் போடும் கல் ஒன்றைத் தூக்கி வந்து
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.