ஈயப் பொட்டு

புர்க்டோர்ஃபில், எங்கள் மாடிவீட்டின் அடியில்
ஒரு பங்கர் இருக்கிறது.
ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு.
வராத போருக்காகக் கட்டியது.
வந்த போருக்கு அம்மா வெட்டியது வேறு,
அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை.
இதற்குள் அரிசி அடுக்கியிருக்கிறாள்:
குத்தரிசி மூன்று மூடை, சம்பா இரண்டு.
மிஞ்சிய மூலையில் என் மேசை,
தராசு, சிவப்பு பிரஸ்,
சுட்டு முடிந்த கோதுகள் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய.

"கீழ என்ன செய்யிறாய்?"
"ரவை."
"உப்புமாவுக்கோ?" என்பாள்,
தெரிந்துகொண்டே.

போன ஞாயிறு, முந்நூறு மீட்டர்.
நாலு தோட்டா போனது.
ஐந்தாவதுக்குக் கரபீனர் பூட்ட மாட்டேன் என்றது.
பக்கத்துப் பாயில் படுத்திருந்த ரெகுலா
காதடைப்பைக் கழற்றாமலே கத்தினாள்:
"உன் வளையம் நகர்ந்திருக்கிறது!"
உண்மைதான்.
பிரஸ்ஸில் அச்சு அரைக்கால் சுற்று மேலேறிவிட்டது,
கோதின் தோள் அழுந்தவில்லை.
ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்று தசம் எட்டு மில்லிமீட்டர்.
எட்டில் ஒரு பங்கு என்ன பெரிய காரியம்
என்று நினைக்கிறவர்கள்
வேறு விளையாட்டுக்குப் போகலாம்.

திராக்சல் கடையில் பச்சைக் கம்பளித் துணிமேல்
மூன்று பூட்டு வளையங்கள்.

ஒன்றின் அடியில் கறுப்பு ரப்பர்.
கையால் இறுக்கினால் போதும்;
கை பட்டாலே தளர்ந்தும் விடும்.
நல்ல சுபாவம்,
எனக்கு ஏற்கனவே அப்படி ஒருத்தன் இருந்தான்.

இரண்டாவதன் விலாவில் ஒரு பொடித் திருகாணி,
நேரே மரையைப் பார்த்து.
முறுக்கினால் பல்லைக் கடிக்கும்.
கழற்றினாலும் தழும்பு நிற்கும்.
பிறகு மயிரிழை தள்ளிப் பிடி என்றால் கேளாது,
வழுக்கி வழுக்கிப் பழைய குழிக்கே போகும்.

மூன்றாவது, ஒரு பக்கம் பிளந்தது.
குறுக்கே ஓர் ஆணி.
இறுக்க இறுக்கச் சுற்றி அணைக்கும்,
எந்த இடத்தையும் குத்தாது.
ஸ்பானருக்குத் தட்டையான விளிம்பு வேறு.
விலை மற்றதைப்போல மூன்று மடங்கு,
எனக்கு வேண்டியதோ நாலு.

"அணைக்கிறது நழுவாதா?" என்றேன்.
திராக்சல் யோசித்தார்.
"நீ நழுவ விடாவிட்டால்" என்றார்.
வியாபாரிக்கு இது போதாத பதில்.
பிளந்ததில் ஒன்று வாங்கினேன், திருகாணியில் மூன்று.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

திருகாணிக்கு ஒரு தந்திரம் உண்டு:
துளைக்குள் முதலில் ஓர் ஈயப் பொட்டு,
கடுகிலும் கொஞ்சம் பெரிது.
அதன்மேல் ஆணி இறங்கினால்
ஈயம் நசிந்து மரையின் வடிவம் எடுக்கும்,
பிடிக்கும், கடிக்காது.

இரண்டு வளையம் முடிந்தது.
மூன்றாவது பொட்டு இடுக்கியிலிருந்து துள்ளி
எங்கோ போனது.
முழங்காலில் நின்று தேடினேன்,
கைபேசி வெளிச்சத்தில், மூடைகளுக்கு இடையில்.
வேறு பொட்டு இருந்தது.
இருந்தாலும் தேடினேன்.

அம்மா சுளகோடு இறங்கி வந்தாள்.
நாளைக்கு வேண்டியதை அள்ளி,
கதவடியில் குந்தியிருந்து புடைத்தாள்.
"கல்லு" என்று ஒன்றை எடுத்தாள்.
எறியக் கை ஓங்கியவள் நிறுத்தினாள்.
விரல்களுக்குள் உருட்டினாள்.
அந்தப் பாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இது கல்லில்லை."
"ஈயம் அம்மா. இங்க தாங்கோ."
"எதுக்கு?"
"இரும்பு இரும்பைக் கடிக்காமல் இருக்க."
அவள் என் மேசையை முதல் தடவையாகப் பார்த்தாள்,
வரிசையாய் நின்ற பித்தளைக் கோதுகளை,
எண்ணுவதுபோல.
பிறகு பொட்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கையைக் கழுவுங்கோ" என்றேன், "நஞ்சு."
"தெரியும்" என்றாள்.

ஆணியை முறுக்கி,
நகப்பூச்சால் வளையத்துக்கும் அச்சுக்கும் குறுக்கே
ஒரு கோடு இழுத்துவிட்டு
மேலே ஏறி வந்தேன்.
குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
குப்பைப் பையில்,
ஒரு பருக்கையைக்கூட வீணாக்க விடாதவள்
சுளகு அரிசி முழுவதையும் கொட்டியிருந்தாள்.