ஈரக்குமிழ்

உம்சிண்டோ கரும்பாலையில் எனக்கு வேலை
இரண்டு வெப்பமானிகளை வாசிப்பது.
ஒன்றுக்கு மட்டும் நனைந்த துணிச்சட்டை.
இடையில் அரை டிகிரிதான் என்றால்
காற்றில் இனி இடமில்லை.

நவம்பரிலிருந்தே இடமில்லை.
உப்பு குப்பியை விட்டு வர மறுக்கிறது.
குளியலறைக் கதவு ஊதிப்போய் நிலையில் பொருந்தாது.
தேவரஞ்சி பாடிக்கொண்டே குளிப்பாள்;
அந்தப் பாட்டுதான் தாழ்ப்பாள்.

மே கடைசியில் ஒரு நாள்
மலைப்பக்கமிருந்து சுடுகாற்று.
வித்தியாசம் பதினெட்டு!
எங்கோ எரித்த கரும்பின் கரி
கொடித்துணியில் ஒட்டாமல் உதிர்ந்தது.
உப்பு மொத்தமாய்க் கொட்டிக் குழம்பு கெட்டது.

யாரும் தொடாமலே கதவு
சாத்திக்கொண்டது.
உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

பேரேட்டில் எழுதினேன்: வறண்ட காற்று, தெளிந்த வானம்.
பாட்டுக்கு அதில்
கட்டம் கிடையாது.