பென்சிலால் நிரப்பவும்

ஸ்டான்லியில் எனக்கு ஒதுக்கியது இரண்டரைத் தெரு,
நூற்றுப் பதினேழு வீடு, ஒரு பை, நான்கு பென்சில்.
ஜூலைத் தூறல் கோர் த கார்ட் மலையைப்
பாதிக்கு மேல் அழித்துவிட்டிருந்தது.
எனக்கு முன்னாலேயே கோவில் கமிட்டிப் பையன்
துண்டுச்சீட்டோடு போயிருக்கிறான்:
மதம் என்ற இடத்தில் மறவாமல்
தமிழ் என்று எழுதுங்கள்.
தலைக்கு இவ்வளவு என்று வருகிறது மானியம்;
தலை குறைந்தால் கோபுரத்துக்குப் பெயின்ட் குறையும்.

முதல் வீடு குர்ப்பன். பஸ் கண்டக்டராக இருந்தவர்.
மீதிச் சில்லறை எண்ணிவைப்பதுபோல் பதில் சொன்னார்.
மதம்?
தமிழ்.
அது மொழி, ஐயா, இந்து என்று ஒரு…
தமிழ்.
முன்னோர் மொழி?
அதுவும் தமிழ்.
வீட்டில் பேசுவது?
"கிரியோல். வேறென்ன, லத்தீனா?"
மொத்தத்தையும் கிரியோலில்தான் சொன்னார்.
நானும் கிரியோலில்தான் கேட்டேன்,
வாரம் ஐந்து பீரியட்
தமிழ் சொல்லித்தருகிறவள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தம்பி.
ஒரே தாய் வயிறு, ஒரே தண்ணீர் மீட்டர்.
"இந்து என்று போடு. பெரிய கணக்கில் நின்றால்தான்
பையனுக்கு ஏதாவது கிடைக்கும்."
என்ன கிடைக்கும் என்று படிவத்தில் கேள்வி இல்லை.

தையல்காரர் குலாம் ஒரே மூச்சில் முடித்தார்.
"எங்களுக்குச் சுலபம், மிஸ். தேநீர் குடி."

மரி-ஆஞ்ச் சின்னத்தம்பு வீட்டில் சுவரெல்லாம் மாதா.
தைப்பூசத்துக்குப் பத்து நாள் மீனும் தொடமாட்டாள்.
"இரண்டு போடலாமா?"
கட்டம் ஒன்றுதான்.
யோசித்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது.
"சரி, கத்தோலிக்கம்.
ஆனால் கொஞ்சம் லேசாக எழுது."
லேசாக எழுதினேன்.

ஒரு பையன், கம்ப்யூட்டர் படிப்பவன்,
மதம் எதுவுமில்லை என்றான்.
"அவன் சாப்பிட வரட்டும், பிறகு எழுது,"
என்றது சமையலறை.

விதி எளிது. நள்ளிரவுதான் எல்லை.
பன்னிரண்டு அடிக்கும்போது இந்தத் தீவில்
மூச்சு விடுகிறவர் எல்லாரும் ஒன்று.
பதினொன்று ஐம்பதுக்குப் பிறந்தால் ஒன்று.
பதினொன்று ஐம்பதுக்குப் போனால் பூஜ்யம்.

மறுநாள் படிவம் சரிபார்க்கப் போனேன்.
குர்ப்பன் வாசலில் வாடகை நாற்காலிகள்
அடுக்குப் பிரிக்காமல் ஈரத்தில் நின்றன.
மகள் கோமளவல்லி படிவத்தோடு வந்தாள்.
"அப்பா பன்னிரண்டு பத்துக்குப் போயிட்டார்.
அழிச்சிடணுமா?"
கையில் ரப்பர் தயாராக இருந்தது.

உங்கள் கடிகாரம் சரியாக ஓடுமா
என்று கேட்டுவிட்டேன்.
விதியில் அப்படிக் கேட்கச் சொல்லி எங்கும் இல்லை.
அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
இரண்டு நிமிடம் வேகமாம்.
அப்படியும் எட்டு நிமிடம் இருந்தது.

அழிக்க வேண்டாம் என்றேன்.
பந்தல் மூங்கிலோடு வந்த கமிட்டிப் பையன்
குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"எண்ணிக்கையில் இருக்கிறாரா?"
தலையசைத்தேன்.
அவன் முகத்தில் வந்ததற்குப் பெயர் சொல்லமாட்டேன்.
உடனே மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டான்.

இரவு என் வீட்டுப் படிவம் மிச்சம்.
கணவர் ராம்தாரி தன் கட்டத்தில் இந்து என்று எழுதி
மகளின் கட்டத்தை எனக்கு விட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.
நூற்றுப் பதினாறு வீட்டில் கூசாமல் கேட்ட கேள்வி.
மகள் எதிரே உட்கார்ந்து
என் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"செத்துப்போன அந்தத் தாத்தா
கணக்கில் எவ்வளவு நாள் இருப்பார்?"

பத்து வருஷம், அடுத்த கணக்கு வரை.

"தமிழாகவா?"

ஆமாம் என்றேன்.
சீவல் முழுவதையும் ஊதித் தள்ளினாள்,
அவளுடைய காலிக் கட்டத்தின் மேல்.