தணிக்கைக் குறிப்பு

பரமக்குடியிலிருந்து முதல் பஸ்.
கீழக்கரையில் இறங்கும்போதே சங்கு நாற்றம்.
சதையை அழுகவிட்டுத்தான் ஓட்டைக் கழுவுவார்கள்.
கைக்குட்டை போதவில்லை.

கிட்டங்கியில் கணக்கர் ஜுசப் கண்டேரியா,
சொந்த ஊர் சலாயா, கட்ச் வளைகுடா.
பச்சை அட்டைப் பேரேட்டை நீட்டினார்.
அறுபதாம் பக்கம்வரை சுத்தம்:
சாக்கு, உருப்படி, லாரி வாடகை, கூலி.
அறுபத்தொன்றில் பதினாலு வரி, தொகை இல்லை.
வரவா செலவா என்றேன்.
"ரெண்டும் இல்லே சார். கஜல்."

அடியில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்: ஓட்.
ஓட்டா? தேர்தல் வரவில்லையே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"எங்க பாஷையிலே கடல் வத்துறதுக்குப் பேரு ஓட்.
சலாயாவிலே வத்தினா தோணியெல்லாம் சேத்திலே ஒக்காந்துடும்,
தண்ணியைக் கண்ணாலே தேடணும்.
இங்கே கடல் முழங்கால் அளவுகூட நகராது.
அதான், பேர்லே வெச்சிக்கிட்டேன்."
தமிழில் ஓடு என்றால் சங்கின் வெளிப்புறம் என்றேன்.
"தெரியும் சார்,
பதினெட்டு வருஷமா அதைத்தானே எண்றேன்."

பேரேட்டைத் தலைகீழாய்த் திருப்பினார்.
பின்னட்டையிலிருந்து உருது, வலமிருந்து இடமாக.
எழுத்திலும் வலம்புரி உண்டு, இடம்புரி உண்டு போல.
உருதுவைப் படிக்க வாணியம்பாடிக்கு
இரண்டு பஸ் மாறிப் போனாராம் ஒரு தடவை.
உங்கள் வரியில் மீன் நாறுகிறது என்றார்களாம்;
பிறகு அதே வரியை
மூன்று முறை சொல்லச் சொன்னார்களாம்.

இந்த ஊரில் யார் கேட்பார்கள்?
மூலையில் கயிறு திரித்தபடி இருந்த செய்யது அசனா,
முக்குளிப்பவர், நிமிர்ந்து பார்த்தார்.
"நாந்தான். அர்த்தம் விளங்காது.
ஆனா எந்த வரி எத்தனை பாகம் ஆழம்னு சொல்லிடுவேன்.
முந்தாநாள் ஒண்ணுலே பாதியிலே மூச்சு முட்டுச்சு.
சொன்னேன். ராத்திரியெல்லாம் எண்ணிப் பார்த்துட்டு
ஒரு அசை தூக்கல்னு ஒத்துக்கிட்டாரு."

பலகையில் ஒரு துளை.
அதில் விழுகிற சங்கு கடலுக்கே திரும்பும்.
கண்டேரியா ஈரடிகளையும் அப்படித்தான் போட்டுப் பார்ப்பார்.
ஒன்றுக்கொன்று உறவு வேண்டாம்,
ஒரே சாக்கில் கிடந்தால் போதும்,
ஒவ்வொன்றும் தனியே ஊதிக் கேட்க வேண்டும்.
துளையில் விழாத ஒன்றைச் சொல்லச் சொன்னேன்.
தட்டுத் தடுமாறித் தமிழில் வைத்தார்:

அவன் கொண்டுவந்ததை எண்ணினார் கரையில்.
அவன் விட்டுவந்ததை எண்ண யார் கரையில்?

கடைசி ஈரடியில் மட்டும்
எழுதியவன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம்.
ரசீது மாதிரி என்றேன்.
அதற்கு மட்டும் சிரித்தார்.

பக்கம் 61 முதல்: ஆட்சேபணை இல்லை.
எழுதிவிட்டு மூணு மணி பஸ் பிடித்தேன்.

மேலதிகாரிக்கு அது போதவில்லை.
புரியாத எழுத்து என்றால் இரண்டாம் கணக்கு.
ஜீப் போனது; பேரேடு வந்தது,
கயிறு கட்டி, அரக்கு வைத்து.
நகல் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை,
நானும்.
வழக்கு ஒன்றுமில்லாமல் போனது.
திருப்பி அனுப்பிய தபால்
ஆள் இல்லை என்று திரும்பியது.
சலாயாவுக்கு எழுதினேன்.
அதுவும்.

ஐந்தாண்டு கழிந்தால் அழிக்கலாம் என்பது விதி.
அழிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டவன் நான்.
பேரேடு என் வீட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால்.
முன்னாலிருந்து ஒரு மொழி, பின்னாலிருந்து ஒரு மொழி,
நடுவில் பதினொரு வெற்றுத்தாள்.
இரண்டும் எனக்குப் படிக்க வராது.
விளக்கணைத்த பிறகு சில நாள்
வரிமேல் விரல் வைத்து
மூச்சைப் பிடித்துப் பார்ப்பதுண்டு.
நாலு பாகம் போகுமுன் மேலே வந்துவிடுகிறேன்.

முப்பது வருஷ உத்தியோகத்தில்
பொய்யாய்ப் போட்ட கையெழுத்து ஒன்றுதான் உருப்படி,
திருமேனிநாதா.
அதற்கும் உன்னிடம் ரசீது இல்லை.